மேடைக்கு ஒளித்து வைத்த செய்தி

“அலோ... அலோ, சாவூல்... நான்தான், மிர்த்தலா. கேக்குதா? ... எனக்கும் விட்டு விட்டுத்தான் கேக்குது. மலையில இருக்கியா? ... சரி. வண்டிய ஓட்டறது யாரு, நீயா? ... அப்ப ஓரமா நிறுத்து. ... நிறுத்துன்னா நிறுத்துப்பா. ... ஓட்டிக்கிட்டே கேக்கற விஷயமில்ல இது. ... ம். ... ம்ம். நிறுத்திட்டியா? ... எந்த எடம்? ... சிகுவாதெபெக்கே வரைக்கும்தான் வந்திருக்கியா. ... நல்லதாப் போச்சு.”

மிர்த்தலா துர்சியோஸ் நுழைவுச்சீட்டு அறைக்குள் புகுந்து தாழ் போட்டிருந்தாள். தலைநகர் தெகுசிகால்பாவின் அந்தப் பழைய நாடக அரங்கில் நாலு பேர் காதில் விழாமல் பேச வேண்டுமானால் அந்த ஒரு பொந்துதான் கதி. சீட்டுக் கொடுக்கிற துளை வழியாக முன்கூடம் முழுக்கத் தெரிந்தது. வருஷா வருஷம் கெஞ்சியும் சண்டை போட்டும் அவள் நடத்தி வருகிற ஆவணப்பட மாநாடு அங்கே காபிக் கோப்பையும் கழுத்து நாடாவுமாக அலைந்துகொண்டிருந்தது. பணம் கொடுக்க வந்தவர்களுக்குச் சிவப்பு நாடா, படம் எடுக்கிறவர்களுக்குப் பச்சை, படத்துக்குள் வருகிற சனங்களுக்கு மஞ்சள். மஞ்சள் நாடா இந்த வருஷம் ஒரே ஒரு கழுத்தில்தான் தொங்கியது. அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரி எர்மெலிந்தா, யோரோ ஊர்ப் பக்கத்து மனுஷி, சுவரோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணி மூட்டை. மாநாட்டுக்காரர்கள் தின்னட்டும் என்று அவளே சுட்டுக் கொண்டுவந்த சோள முறுக்கு.

அவள் மகன் ஒஸ்மான் வடக்கே பிழைக்கப் போகிறேன் என்று கிளம்பிப் பதினோரு வருஷம் ஆகிறது. எல்லை தாண்டியதோடு சரி, அப்புறம் ஒரு தகவல் இல்லை. அவள் தேடாத ஆஸ்பத்திரி இல்லை, ஜெயில் இல்லை, சவக்கிடங்கு இல்லை. அப்படித் தேடுகிறவளின் பின்னாலேயே போய்ப் படம் பிடிப்பவன்தான் சாவூல் பனேகாஸ். தான் கைதூக்கி விட்டவர்களிலேயே கெட்டிக்காரன் அவன்தான் என்று மிர்த்தலா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது அந்த வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

“பக்கத்துல யாரு? ... மைக் புடிக்கறவரு. சரி. பின்னாடி? ... சாவூல், என்கிட்ட மழுப்பாத. ... ‘ஒரு சிநேகிதன்.’ ம். அந்தச் சிநேகிதனுக்குப் பேரு ஒண்ணு இருக்குமே? ... நான் சொல்லட்டுமா? ... ஒஸ்மான்.

... அலோ? ... ம், இருக்கியா. சத்தத்தையே காணோம், அதான் கேட்டேன். ... யாரு சொன்னாவா? யாரு சொல்லல, அதக் கேளு. இப்பத்தான் அன்னெலீஸ் வந்து என்னக் கட்டிப் புடிச்சுக் கன்னத்துல முத்தம் குடுத்துட்டுப் போறா. ‘சாயங்காலம் மேடையில புள்ள நடந்து வருவான், அம்மா திரும்பிப் பாப்பா, இந்த மாதிரி ஒரு கணத்துக்காகத்தான் நாங்க பணம் குடுக்கறோம்’ங்கறா. கண்ணுல தண்ணி வேற. ... ஆமா. ... ஆமா ஆமா, நீ என்கிட்ட சொல்லியிருப்பேன்னு நெனச்சிருக்கா. நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன், நேத்து வரைக்கும்.”

அன்னெலீஸ் ஐரோப்பாவிலிருந்து வந்த அறக்கட்டளைக்காரி. மாநாட்டுச் செலவில் பாதி அவள் கையெழுத்தில்தான் வருகிறது. நல்ல மனுஷிதான். அழ வேண்டிய இடத்தில் அழுவாள், என்ன, எங்கே அழ வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு அழுவாள்.

“மொழிபெயர்க்கற பொண்ணுங்களுக்குத் தெரியும். வெளக்குக்காரனுக்குத் தெரியும், அவன் எந்தப் பக்கத்துலேருந்து வெளிச்சம் அடிக்கணும்னு ஒத்திகையே பாத்துட்டானாம். காபி ஊத்தற பொண்ணுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியல. ஒருத்தி மாநாட்டுத் தலைவி. இன்னொருத்தி பெத்தவ.

... என்னது? ... எதுடா இன்ப அதிர்ச்சி? பொறந்த நாளைக்குக் கேக்கு வாங்கி ஒளிச்சு வெப்பாங்க, அதுக்குப் பேரு இன்ப அதிர்ச்சி. நீ ஒளிச்சு வெச்சிருக்கறது புள்ளைய.

... சரி, எங்க கெடச்சான்? ... தபச்சூலாவுலயா? ... டயர் ஒட்டற கடையில. ... எல்லை தாண்டினா மொத ஊரே அதுதான. அங்கயேவா இருந்தான், இத்தன வருஷமும்? ... ஒரு போன் போட்டா என்ன? ... ம். ... ம். ... வடக்க போய்ச் சேந்துட்டுத்தான் பேசுவேன்னு அம்மாகிட்ட வீராப்பாச் சொல்லிட்டு வந்திருக்கான். போய்ச் சேரவே முடியல. ஒரு வருஷம் வெக்கத்துல போச்சு, அப்புறம் அந்த வெக்கத்துக்கே வெக்கப்பட்டுக்கிட்டு... ம். அது புரியுது. அவன் பண்ணினது எனக்குப் புரியுது, சாவூல். நீ பண்ணினதுதான் புரியல.”

சாவூல் நீளமாகப் பேச ஆரம்பித்தான். மிர்த்தலா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவன் பேச்சு எப்போதுமே கேட்க நன்றாக இருக்கும். படத்துக்குப் பணம் கேட்டு மேடை ஏறி ஏழு நிமிஷம் பேசினால், மணி அடிப்பதற்குள் கல்லையும் கரைத்துவிடுவான். அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் இந்த மாநாடுதான்.

“... ஆமா, போன வருஷம் பணம் குடுக்கறவங்க மேஜையில கேட்டாங்க. நானும் இருந்தேன். ‘தேடறா, தேடறா, சரி, கதை எங்க முடியுது’ன்னு கேட்டாங்க. ... அதுக்கு? ... முடிவு வேணும்னா, முடிவு கெடச்ச அன்னிக்கே அந்தம்மா வீட்டுக் கதவத் தட்டியிருக்கணும். கேமராவோடயே போய்த் தட்டு, யாரு வேணாங்கறா? ... வெளிச்சம் பத்தாதா. ... ம். ... தகரக் கூரை, மழ வந்தா சத்தம் சரியாப் பதியாது. ... ... தூ. ... இல்ல, உன்ன இல்ல. வாய் கசந்தது, துப்பினேன்.

... நானா? நான் என்னடா சொல்லிக் குடுத்தேன்? ஆளு பேசிக்கிட்டிருக்கும்போது கேமராவ அணைக்காதன்னு சொல்லிக் குடுத்தேன். கேமரா வர்ற வரைக்கும் ஆளயே அமுக்கி வெய்யின்னு எந்த வகுப்புல சொன்னேன்? ... என் பேர இதுல இழுக்காத. ... இழுக்காதன்னா இழுக்காத.”

துளைக்கு வெளியே ஒரு சிவப்பு நாடா வந்து நின்றது. அன்னெலீஸ். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று உதடு அசைத்துக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, அன்னெலீஸ். வழியில வண்டி நின்னுடுச்சாம். ... ஆமாம், சாவூல்தான். ... பேசிட்டு வர்றேன். நீங்க போய்க் காபி குடிங்க.”

அவள் போய்விட்டாள். போகிற போக்கில் எர்மெலிந்தாவின் தோளை மெல்லத் தொட்டு, ஒரு மாதிரி புன்னகைத்துவிட்டுப் போனாள். எர்மெலிந்தா அண்ணாந்து பார்த்தாள். பிறகு தொட்ட இடத்தைத் தானே ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள். மெதுவாக எழுந்து, மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேராகத் துளையைப் பார்த்து வந்தாள்.

“சாவூல், இரு. வெச்சுடாத. வெச்சேன்னா அடுத்த போன் உனக்கு வராது, பேப்பர்காரங்களுக்குத்தான் போகும்.”

“கண்ணு,” என்றாள் எர்மெலிந்தா துளை வழியாக. “வேலையா இருக்கியா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த ஆளுங்க எல்லாம் ஏன் என்னையப் பாத்துப் பாத்துச் சிரிக்கறாங்க? அந்தக் காபிப் பொண்ணு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. எம் புள்ளையப் பத்திக் கெட்ட சேதி எதுவும் வந்திருக்கா? எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்குத்தான் சொல்லலையா?”

மிர்த்தலா போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“இல்லம்மா. கெட்ட சேதி ஒண்ணும் இல்ல. கடவுள் மேல ஆணையா இல்ல. ரெண்டு நிமிஷம் அந்தக் கதவுகிட்டயே நில்லுங்க, நானே கூப்பிடறேன்... அது என்ன, கையில?”

இடது கையில் பெரிய கட்டு. எர்மெலிந்தா அதை அப்போதுதான் பார்ப்பவள் போலத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுவா? ரொட்டி சுடற கல்லுல பட்டுடுச்சு. புனித வாரம் முடிஞ்ச மறுநாள். இன்னும் ஆறமாட்டேங்குது.”

அவள் கதவுப் பக்கம் நகர்ந்தாள். மிர்த்தலா போனைக் காதில் வைக்காமல் அப்படியே நின்றாள். அந்தக் கட்டை அவள் இன்று காலையிலேயே பார்த்திருக்கிறாள். சாவூலின் படத்திலிருந்து ஒரு துண்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். சான் பெத்ரோ ஊரின் சவக்கிடங்கு. ஒரு இரும்பு மேஜை. துணியை விலக்குகிறார்கள். எர்மெலிந்தா குனிந்து பார்க்கிறாள், அது தன் மகன் இல்லை என்று தலையசைக்கிறாள், மேஜை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே சரிகிறாள். அரங்கமே மூச்சு விடாமல் பார்த்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. அந்த விளிம்பைப் பிடித்திருந்த கையில் கட்டு இருந்தது.

“சாவூல். ... ஒண்ணு கேக்கறேன், சுத்தி வளைக்காமச் சொல்லு. காலையில போட்டாங்களே, அந்தச் சவக்கிடங்கு. அது எப்ப எடுத்தது? ... பழசு இல்ல. ... பழசு இல்லடா, கையில கட்டு இருக்கு. புனித வாரத்துக்கு அப்புறம் எடுத்திருக்க. ... சரி. இவனக் கண்டுபுடிச்சது எப்ப? ... எப்ப? ... சாவூல், எப்ப?

... புனித வாரத்துக்கு முன்னாடி.”

பழைய சீட்டுக் கட்டுகள் அடுக்கியிருந்த பெட்டி மேல் அவள் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“அவன் உசிரோட இருக்கான்னு உனக்குத் தெரியும். அவன்கூட உக்காந்து சாப்பிட்டிருக்க. ... தெரிஞ்சும் அந்தம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயி... ... சவக்கிடங்குலேருந்து கூப்பிட்டாங்க. சரி, கூப்பிட்டாங்க. ‘அது உங்க புள்ள இல்லம்மா, வீட்டுக்குப் போங்க’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ... பஸ்ல போனாங்களா, உன் வண்டியிலயா? ... உன் வண்டியில. வழியெல்லாம் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டே வந்திருப்பாங்களே. ... அதையும் எடுத்தியா? ... எடுத்திருப்ப. ... அங்க மேஜையில கெடந்தது வேற எவளோ பெத்த புள்ள. அவன் மூஞ்சிய இந்தம்மா பாக்கணும், பாத்து நொறுங்கணும், அத நீ எடுக்கணும். ... ‘இயல்பா வந்தது’ன்னு சொல்லாத. அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னே, நெசமாவே வாந்தி எடுத்துடுவேன். ... நான் காலையில அதுக்குக் கை தட்டினேன்டா. இந்தக் கையாலதான். சோப்புப் போட்டுத்தான் கழுவணும்.

... அழாத. ... டேய், அழாத. உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்ல. போன அவன்கிட்ட குடு. ... ஏன்? ... ஏன் கூடாது? ... அவன்கிட்ட என்னன்னு சொல்லி வெச்சிருக்க? ... ... அம்மாவுக்கு எல்லாம் தெரியும்னா? ... தெரியும், ஆனா போன்ல பேச மாட்டேங்கறாங்க, நேர்லதான் பேசுவாங்கன்னு. ... ... அப்ப அவன் என்ன நெனச்சுக்கிட்டு வர்றான் இத்தன தூரமும்? அம்மா கோவத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னுதான? ... மேடையில பயந்துக்கிட்டே வந்தா நல்லாருக்கும்னு நெனச்சியா? ... குடுடா போன.”

கொஞ்ச நேரம் லாரிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. கார்க் கதவு திறந்து மூடியது. பிறகு யாரோ மூச்சு விடும் சத்தம். மிர்த்தலா எழுந்து நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

“அலோ... ஒஸ்மானா? ... தம்பி, என் பேரு மிர்த்தலா. என்ன உனக்குத் தெரியாது. ... ஆமா, அந்த மாநாட்டு அம்மாதான். ... இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது, மேடையும் கெடையாது. நான் சொல்றத நிதானமாக் கேளு. உங்கம்மாவுக்கு உன்னப் பத்தி ஒண்ணுமே தெரியாது. ... இல்ல. ... இல்ல, கோவம் எங்கேருந்து வரும்? நீ இருக்கறதே தெரியாது அவங்களுக்கு. ... இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. ... பேச மாட்டேன்னு அவங்க சொல்லவே இல்ல, தம்பி. யாரும் அவங்கள ஒரு வார்த்த கேக்கல. ... ... ம். ... ம். அழு, பரவால்ல. நான் இருக்கேன் லைன்ல.

... என்ன சட்ட? ... நீயே வாங்கினியா, அம்மாவப் பாக்கறதுக்குன்னு? ... நீலமா. ... அப்புறம் ஏன் போடல? ... ... கடையில போடற சட்டையத்தான் போட்டுக்கிட்டு வரச் சொன்னாங்களா. டயர் கறையோட. அதுதான் நல்லாருக்கும்னு. ... சீ. ... உன்ன இல்லப்பா, உன்ன ஏன் சொல்லப்போறேன். அந்த நீலச் சட்ட எங்க இருக்கு? பையிலயா? எடுத்துப் போட்டுக்க. ... இப்பவே போட்டுக்க. ரோட்டோரமா நின்னே போடு, யாரு பாக்கப் போறா. ... இரு. வெக்காத. அம்மா இங்கதான் இருக்காங்க.”

அவள் கதவைத் திறந்தாள். எர்மெலிந்தா சொன்ன இடத்திலேயே மூட்டையோடு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அன்னெலீஸ். அவளுக்குப் பின்னால் மாநாட்டுக் கேமராக்காரன், ஏற்கெனவே கருவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு. எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ. மிர்த்தலா எர்மெலிந்தாவின் கையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொண்டு தாழ் போட்டாள். துளையில் கேமராவின் கண்ணாடி மினுங்கியது. சீட்டு தீர்ந்தால் இறக்குகிற மரப்பலகையைப் பிடித்து டமாரென்று இறக்கிவிட்டாள். வெளியே அன்னெலீஸ் மெல்லப் பலகையைத் தட்டினாள்.

“அன்னெலீஸ், சாயங்காலம் மேடையில யாரும் வரப்போறதில்ல. வெளக்குக்காரன்கிட்டச் சொல்லிடுங்க. ... அடுத்த வருஷம் பணம் வராதா? சரி, வரவேண்டாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. உறைத்தது உறைத்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எர்மெலிந்தாவைச் சீட்டுப் பெட்டி மேல் உட்கார வைத்துத் தானும் எதிரே குந்திக்கொண்டாள்.

“அம்மா. ஒஸ்மான் உயிரோட இருக்கான். இதோ, போன்ல இருக்கான்.”

எர்மெலிந்தா போனை வாங்கவில்லை. முகம் கல்லாகிவிட்டது. இந்தப் பதினோரு வருஷத்தில் உன் மகன் எங்களிடம்தான் இருக்கிறான் என்று எத்தனையோ பேர் போன் பண்ணியிருக்கிறார்கள். ஒவ்வொருவனும் ஏதாவது கேட்டான், வாங்கிக்கொண்டு காணாமல் போனான். பிறகு கட்டுப் போட்ட கையை நீட்டி வாங்கினாள். காதில் வைத்ததும் அவள் குரல் சந்தைக்காரியின் குரலாக மாறியது.

“அலோ. யாரு? ... இரு, இரு. அம்மாங்காத. எல்லாவனும் அப்படித்தான் ஆரம்பிக்கறான். ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லு. பாஸ்டர் வீட்டுச் செவலக் கோழி காணாமப் போச்சே, நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னோமே. அத நெசமா யாரு தின்னா? ... ... ...

... மெதுவாச் சொல்லு. இங்க ஆளு இருக்காங்க.”

அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. மிர்த்தலா பதறிப்போய்ப் பிடிக்கப் போனாள். எர்மெலிந்தா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைக் கட்டுக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட, சத்தம் வராமல் சிரித்தாள்.

“... ஆமா. ... ஆமா, நீதான் எறகெல்லாம் கொண்டுபோய்ப் பொதச்ச. ... ஒஸ்மான். ... ஒஸ்மானே. ... ம். ... ம். ... எங்கடா இருந்த? ... எங்க? ... தபச்சூலாவா? ... பக்கத்துலயா? ... அங்க நான் வந்தேனேடா. உன் படத்தக் கழுத்துல மாட்டிக்கிட்டு அந்தச் சந்தையெல்லாம் நடந்தேனே. ... ... வடக்க போகலன்னா என்ன? வடக்குல என்ன வெச்சிருக்கு? போகலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சா இருப்பேன்? ... அடிச்சிருப்பேன்தான். ஆமா. அடிச்சிட்டுச் சோறு போட்டிருப்பேன்ல?

... என்ன கோவம்? ... யாரு சொன்னா? ... நான் பேச மாட்டேன்னு சொன்னேனா? ... சாவூலா? ... எப்ப? ... ... ம். ... ம்.”

சிரிப்பு நின்றது. போனைக் காதில் வைத்தபடியே மிர்த்தலாவை ஏறிட்டுப் பார்த்தாள்.

“சாவூலுக்கு எப்பத் தெரியும், கண்ணு?”

மிர்த்தலா சொன்னாள்.

“அப்ப அன்னிக்கு மேஜையில கெடந்த அந்தப் பையன நான் பாத்தப்ப...” என்றாள் எர்மெலிந்தா. “வெளிய இருக்கறவங்களுக்கும் தெரியுமா?”

“தெரியும்மா. எனக்கு இப்பத்தான் தெரியும்.”

எர்மெலிந்தா கழுத்திலிருந்த மஞ்சள் நாடாவைத் தலை வழியாகக் கழற்றிச் சீட்டுப் பெட்டி மேல் வைத்தாள்.

“ஒஸ்மான். ... இருக்கியா? ... அந்த வண்டிய விட்டு எறங்கு. ... பைய எடுத்துக்கிட்டு எறங்கு. என்ன ஊரு அது? ... சிகுவாதெபெக்கே. பஸ் நிக்கற எடத்துல பைன் மரத்தடியில ஒரு சோடாக்கடை இருக்கும், அங்க போய் உக்காரு. நான் வர்றேன். ... நீ வராத, நான்தான் வருவேன். நீ வர்றேன் வர்றேன்னு சொன்னதெல்லாம் போதும். ... ... ஆமாடா, எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? நீ மீசை வெச்சிருக்கியோ என்னமோ. ... என்ன சட்ட போட்டிருக்க? ... நீலம். ... புதுசா? ... ம். சரி. நீலச் சட்ட. அழுக்காக்கிக்காத. ... வெக்கறேன். ... வெக்கறேன்னு சொன்னேன்ல, நீ மொதல்ல எறங்கு.”

போனை மிர்த்தலாவின் கையில் திணித்துவிட்டுத் தாழை நீக்கினாள். வெளியே சின்னக் கூட்டமே நின்றது. கேமரா அவள் முகத்துக்கு நேராக வந்தது. அவள் அதைச் சந்தையில் வழியை மறிக்கிற மாட்டைத் தள்ளுவது போலத் தோளால் தள்ளிவிட்டு நேராகக் காபி மேஜைக்குப் போனாள். அங்கே ஒரு தட்டில் அவள் காலையில் வைத்த சோள முறுக்கு பாதி மிச்சம் இருந்தது. மூட்டையைப் பிரித்தாள், தட்டைக் கவிழ்த்தாள், உடைந்த துண்டுகளைக்கூட விடாமல் வழித்துப் போட்டு முடிந்தாள். அன்னெலீஸ் ஒன்றைக் கடித்தபடி நின்றிருந்தாள். எர்மெலிந்தா அவள் முன்னால் வந்து கையை நீட்டினாள். அன்னெலீஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கடித்த மிச்சத்தை அந்தக் கையில் வைத்தாள். எர்மெலிந்தா அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

மிர்த்தலா வண்டிச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கையிலிருந்த போனில் இன்னும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“அலோ... ம், நான்தான். ... வர்றோம். என் வண்டியிலயே கூட்டிக்கிட்டு வர்றேன். அவன எறக்கி விட்டியா? ... பைய குடுத்தியா? ... சரி. நீ அங்க நிக்காத. ... நிக்காத, சாவூல். நாங்க வந்து சேரும்போது உன் வண்டி அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. ... தூரத்துலேருந்தும் வேண்டாம். பெரிய லென்ஸ், சின்ன லென்ஸ், எதுவும் வேண்டாம். ... ஆமா, நாலு வருஷ உழைப்பு. ஆமா. தெரியும். ... மாநாட்டுக்கு என்ன ஆகுமோ, வந்து பாத்துக்கறேன். ... ம். ... ம். ... என்ன? ... என்ன கேட்ட? காதுல சரியா விழல, திரும்பச் சொல்லு.

... ...

... ‘அம்மா பேசினத அங்க யாராவது எடுத்தாங்களா’ன்னா?”

மிர்த்தலா படிக்கட்டில் நின்றுவிட்டாள். கீழே, வண்டியின் பக்கத்தில், எர்மெலிந்தா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவு திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

“இல்ல, சாவூல். யாரும் எடுக்கல. ... ஆமா, நான் பாத்தேன். ... அழல. சிரிச்சாங்க. நாலு வருஷமாப் பின்னாடியே சுத்தினியே, ஒரு தடவையாவது அந்தச் சிரிப்பப் பாத்திருக்கியா?”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.